அஸருக்கு இருபத்தொன்பது புள்ளி இரண்டு

அன்று பாம்பனில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் வைத்து, "கருவி எப்படி இருக்கிறது?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். "பழையது, சார்" என்றேன். அந்த வீட்டுக் காற்றழுத்தமானி எங்கள் கருவியோடு மயிரிழை பிசகாமல் ஒத்துப்போகிறது என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பெண்ணின் நோட்டில் பொய் இல்லை, பொய் இருப்பது அரசாங்கப் பதிவேட்டில்தான் என்பதையும் சொல்லவில்லை. இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு மனிதரின் பிழைப்பும் பெயரும் அந்தப் பதிலில் இருந்தன. அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

ராமேசுவரத் தீவுக்குப் போக நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரயில் நேரம், வண்டிக் கூலி எல்லாம் வரும். கோயிலைப் பற்றி அதிகம் இருக்காது. அதற்கு வேறு கட்டுரைகள் நிறைய இருக்கின்றன.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் புயல்களைப் பற்றி ஆராயும் டாக்டரிடம் உதவியாளராக இருந்துகொண்டே ஆய்வேடும் எழுதிக்கொண்டிருந்தேன். மருந்து கொடுக்கும் டாக்டர் அல்ல, பட்டம் பெற்ற டாக்டர். வங்கக் கடலில் பிறந்து, இலங்கையைத் தாண்டி, பாக் நீரிணைக்குள் நுழையும் சிறு புயல்கள் என்ன ஆகின்றன என்பது அவருடைய கேள்வி. அவை இலங்கை மலைகளில் மோதி அழிந்துவிடுகின்றன என்பது அவருடைய கருத்து. கரையோர நிலையங்களின் பழைய பதிவேடுகளைப் படியெடுத்து, ஒவ்வொரு புயலின் தடத்தையும் வரைபடத்தில் கோடாக வரைவோம். கோடுகள் சரியாக இருந்தால் அடுத்த புயல் எங்கே போகும் என்று ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடலாம். நல்ல வேலை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தீவில் இருக்கும் ஒரு சிறு பதிவு நிலையத்துக்குச் சென்ற ஆவணியில் புறப்பட்டோம். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எழுதினால் மற்ற ஊர்கள் எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். டாக்டரின் மனைவியும் அக்னி தீர்த்தத்தில் நீராட வேண்டும் என்று உடன் வந்தார். அதனால்தான் எங்கள் வீட்டில் பெண்ணான என்னை அனுப்பினார்கள்.

எழும்பூரில் போட் மெயில் இரவு எட்டு மணிக்குக் கிளம்பியது. மூன்றாம் வகுப்புக்குப் பன்னிரண்டு ரூபாய் சொச்சம், ஏறத்தாழ நானூறு மைல். டாக்டரும் மனைவியும் இரண்டாம் வகுப்பில். விடிந்தபின் மானாமதுரையில் நல்ல காப்பி கிடைக்கும், பத்துப் புதுக்காசு. குடிதண்ணீரையும் அங்கேயே கூஜாவில் நிரப்பிக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் தாண்டினால் பனையும் உடைமரமும் மணலும்தான். தண்ணீர் உப்புக் கரிக்கும். மண்டபத்தில் வண்டி வெகுநேரம் நிற்கும். பிறகு பாலம். ஒன்றேகால் மைலை நடக்கிற வேகத்தில்தான் கடக்கிறது. இடப்பக்க ஜன்னலும் சரி, வலப்பக்க ஜன்னலும் சரி, இரண்டிலும் கடல். சண்டை போட வேண்டியதில்லை. மதியம் ஒன்றே முக்காலுக்குப் பாம்பனில் இறங்கினோம்.

எங்களை ஏற்றிக்கொண்ட குதிரைவண்டிக்காரர் முனியசாமி. முக்கால் ரூபாய் கேட்டார், கொடுத்தோம். என்ன சோலி என்று விசாரித்தார். டாக்டர் பெருமையோடு சொன்னார்.

"புயல் ஆராய்ச்சியா?" என்று அவர் குதிரையைப் பார்த்துச் சொன்னார். "காத்திகையில வாற புயலுக்கு ஆவணியில வந்து நின்னா என்னத்தப் பாப்பீக?"

"பழைய கணக்கைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்" என்றார் டாக்டர்.

"அப்ப பாம்பன்ல தண்டல் செய்யது மீரானப் பாருங்க. போன காத்திகைப் புயல்ல தோணியத் தொலைச்ச மனுசன்."

"போன கார்த்திகையில் இந்தப் பக்கம் புயலே இல்லையே. இலங்கையிலேயே அடங்கிவிட்டதே" என்றார் டாக்டர்.

முனியசாமி திரும்பி அவரை நன்றாக ஒருமுறை பார்த்தார். "அப்ப எங்கூட்டுக் கூரை தானாத்தான் பறந்துச்சு போல" என்றார்.

பதிவு நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓர் அலுவலகத்தின் பின்னறை, சுவரில் பாதரசக் காற்றழுத்தமானி, வெளியே வேலி போட்ட இடத்தில் மழைமானி. பகுதிநேரப் பதிவாளர் கோட்டைச்சாமி அண்ணன் தினமும் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் அழுத்தம், வெப்பம், காற்று, மழை எல்லாம் பார்த்து எழுதித் தந்தியில் அனுப்ப வேண்டும். கமுதிப் பக்கத்துக்காரர். பருத்தியும் மிளகாயும் போடும் குடும்பம். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, மின்விசிறி இருக்கும் ஒரே மேசையையும் கொடுத்துவிட்டுத் தான் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதர் என்று உடனே தோன்றியது. இப்போதும் அதை மாற்றிச் சொல்ல என்னால் முடியவில்லை.

அன்று மாலையும் மறுநாள் காலையும் படியெடுத்தேன். எண்களைப் படியெடுக்கிறவர்களுக்குத் தெரியும், சிறிது நேரத்தில் கண் வேலை செய்வதை நிறுத்திவிடும், கைதான் எழுதும். சென்ற கார்த்திகைப் பக்கத்தில் என் கை நின்றது. இந்த வரிசையைச் சற்று முன்தான் எழுதினேன் என்று கைக்குத் தெரிந்திருந்தது. பின்னால் புரட்டினேன். ஒரு வியாழன், வெள்ளி, சனியின் எண்கள் முந்தைய வாரத்து வியாழன், வெள்ளி, சனியின் எண்களேதான். கடைசிப் புள்ளி வரை அதே. வானம் தெளிவு, காற்று மெல்லிது. அடுத்த நாள் ஞாயிறு காலைக் கட்டத்தில் மட்டும் ஆறு அங்குல மழை.

மூன்று நாள் தெளிந்த வானத்திலிருந்து ஆறு அங்குல மழை.

டாக்டர் அப்போது மனைவியோடு கோயிலுக்குப் போயிருந்தார். கோட்டைச்சாமி அண்ணன் காகிதத்தில் மடித்த பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்தார்.

"எங்க ஊரு வத்தல். பட்டணத்துல இந்த உறைப்பு கெடைக்காது. வீட்டுக்குக் கொண்டு போங்க தாயி."

"அண்ணே, போன கார்த்திகையில் ஊருக்குப் போயிருந்தீர்களா?"

"போனேனே. மகளுக்குக் காதுகுத்து. நல்ல நாளுன்னு ஜோசியன் குறிச்சுக் குடுத்தான். அன்னைக்குன்னு பாத்துப் பேய்மழை. பந்தல் சரிஞ்சு பாயாசத்துக்குள்ள விழுந்துருச்சு. எம் மச்சினன் இன்னும் சொல்லிச் சிரிக்கான், நீ மழை அளக்குற ஆளுதானே மாப்ள, ஒனக்கே தெரியலையான்னு."

சிரித்துக்கொண்டே சொன்னவர், என் விரல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"அந்த மூன்று நாள் யார் பார்த்தது?" என்றேன்.

"லீவு கேட்டு மூணு தடவை எழுதினேன். பதிலே வரல. மாத்தாள் கிடையாது. கட்டத்த வெறுமனே விட்டா மெமோ வரும். ரொப்பிட்டா ஒண்ணும் வராது. திரும்பி வந்து ரொப்பிட்டேன்."

"அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை மழையை ஏன் எழுதினீர்கள்?"

அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "மழைமானி போத்தல்ல தண்ணி நிக்குது. அதக் கீழ ஊத்திட்டு மழை பெய்யலன்னு எழுதச் சொல்றீகளா? காத்துல என்னத்தையோ எழுதிட்டுப் போறேன். மழையில பொய் எழுத மாட்டேன் தாயி. சம்சாரிக் குடும்பம் நாங்க, வெள்ளாம செய்யிறவுக."

அந்த மூன்று நாளும் தீவிலிருந்து தந்தியும் போகவில்லை. தந்தி போகாததால் எச்சரிக்கை வரவில்லை. எச்சரிக்கை வராததால் துறைமுகக் கம்பத்தில் புயல் கூண்டு ஏறவில்லை. வானிலை அறிவிப்பு என்று நாம் வானொலியில் கேட்பது இந்தச் சங்கிலியைத்தான். அதன் ஒரு கண்ணி, விடுப்புக்குப் பதில் கிடைக்காத ஒரு தகப்பன்.

அன்று மாலை நாலரை மணிக்குச் செய்யது மீரான் எங்களைத் தேடி வந்தார். முனியசாமிதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். தோணியை ஓட்டிப் போகிறவரைத் தண்டல் என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்த வியாழக்கிழமை விடியலில் கருவாடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் புறப்பட்டிருக்கிறார். மாலையில் தோணி கவிழ்ந்தது. ஐந்து பேரில் இரண்டு பேர் கரை சேரவில்லை. விசாரணையில் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்திருக்கிறார்கள். அன்று வானம் தெளிவு, காற்று மெல்லிது. ஆகவே தோணி போனது தண்டலின் கவனக்குறைவால் என்று முடிவு செய்து, அவருடைய சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்ய ஒரு வழி இருந்தது. அன்று புயல் இருந்தது என்று தகுதியுள்ள யாராவது எழுதித் தர வேண்டும்.

"கடல்ல எறங்காம இருந்தாக்கூடப் பொழச்சுக்கிருவேன் சார்" என்றார். "மௌத்தாப்போன ரெண்டு பேரும் பக்கத்துத் தெரு. அவுக வீட்டாளுக எனக்கு ஸலாம் சொல்றதில்ல. தெளிஞ்ச வானத்துல ரெண்டு பேரக் கொன்னவன்னு ஆயிருச்சு. எங்கூட்டுல பாராமீட்டர் இருக்கு, நோட்டு இருக்கு. வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போங்க."

போனோம். டாக்டர் முன்கூடத்தில் உட்கார்ந்தார். அவர் பாராமீட்டர் என்ற காற்றழுத்தமானி உள்ளறைச் சுவரில் மாட்டியிருந்தது, அதைப் பார்த்து எழுதுகிறவர் செய்யது மீரானின் மனைவி பல்கீஸ் என்பதால். அந்நிய ஆண் உள்ளே போக முடியாது. டாக்டர் தன் கைப்பெட்டியிலிருந்த ஒப்பீட்டுக் கருவியை என்னிடம் கொடுத்து, "நீ போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். அதை ஆங்கிலத்தில் சொன்னார். வாக்குறுதி எதுவும் கொடுத்துவிடாதே என்றும் சேர்த்துச் சொன்னார்.

பல்கீஸுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் கருவியைச் சுவரில் மாட்டும்வரை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க பெட்டி பெருசா, எங்க பெட்டி பெருசான்னு பாக்கவா?" என்றார்.

"இரண்டும் ஒன்றையே சொல்கிறதா என்று."

"சொல்லும். கொழும்புல ஒரு வெள்ளக்காரன் கப்பலை ஒடைச்சு விக்கிறப்ப எங்க மாமா வாங்குனது. மனுசன் பொய் சொல்வான், அது சொல்லாது."

கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டினேன். முள் நடுங்கி நின்றது. எங்கள் கருவியையும் தட்டினேன். ஒரே எண். கால் மணி கழித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு ஏறியிருந்தன.

நோட்டு அரபுத்தமிழில் இருந்தது, அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். அவர் வாசிக்க நான் எழுதினேன். ஒன்பது வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார், பிள்ளை பெற்ற நாட்களில்கூட. மணிக்குப் பதில் தொழுகை நேரங்கள். அந்த வியாழன்: விடியல் சுபுஹுக்கு இருபத்தொன்பது புள்ளி எட்டு. நடுப்பகல் லுஹருக்குப் புள்ளி ஐந்து. பிற்பகல் அஸருக்குப் புள்ளி இரண்டு. அந்தி மஃரிபுக்குக் கொஞ்சம் ஏறிப் புள்ளி நான்கு.

"லுஹருக்கு முள்ளு எறங்குனதப் பாத்ததுமே எங்க காக்காவை விட்டுத் துறைமுகத்துக்குச் சொல்லி அனுப்புனேன்" என்றார். காக்கா என்றால் அண்ணன். "கூண்டு ஏத்தத் தந்தி வரணும், பொம்பள சொல்லி ஏத்த முடியாதுன்டானுக. அஸருக்குத் தொழுதுட்டுப் பாத்தேன். அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல. மஃரிபுக்கு எம்மக பாத்துச் சொன்னா, நான் எழுதுனேன்."

முன்கூடத்துக்கு வந்தேன். டாக்டர் நான் எழுதியதைப் பார்த்தார். "மணி எங்கே?" என்றார்.

"அஸர்னா அஸர்தான் சார்" என்றார் செய்யது மீரான்.

"அது மணியாகாதே. பிற்பகலில் அழுத்தம் கொஞ்சம் இறங்குவது எல்லா நாளும் உள்ளதுதான். கருவி எப்படி இருக்கிறது?"

தொழுகை நேரம் சூரியனைப் பார்த்துக் குறிக்கப்படுவது. நிழலின் நீளத்தை வைத்து எந்த ஊரின் எந்த நாளுக்கும் அஸர் எப்போது என்று கணக்கிட்டுவிடலாம். சூரியன் எந்த அலுவலகக் கடிகாரத்தையும்விட நேரம் தவறாதது. கொஞ்சம் இறங்குவது வேறு, ஆறு புள்ளி இறங்குவது வேறு. டாக்டருக்கு இது தெரியாதா? கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே போனவள் நான் ஒருத்திதான். என் ஆய்வேட்டில் டாக்டரின் கையெழுத்து இன்னும் விழவில்லை.

"பழையது, சார்" என்றேன்.

மறுநாள் திரும்பும் வண்டி பாலத்தின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. மண்டபத்தில் இறங்கி மாறிக்கொள்ளலாம் என்று அவர்களோடு இரண்டாம் வகுப்பிலேயே ஏறியிருந்தேன். முந்தைய வாரத்து எண்களை அப்படியே எழுதியிருக்கிறார்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மழையைச் சொன்னேன். ஒப்பீட்டைச் சொன்னேன்.

"அந்த மழையை நானும் பார்த்தேன்" என்றார் டாக்டர், மிகவும் அமைதியாக. "முதல் நாளே பார்த்துவிட்டேன்."

"பிறகு ஏன் சார்?"

"பதினோரு வருடப் பதிவேடு அம்மா. அந்த மூன்று நாள் பொய் என்று நானே எழுதினால் மற்ற நாட்களை யார் நம்புவார்கள்? இந்தக் கடலில் எனக்கு இருப்பது இந்த ஒரு நிலையம். இந்த ஆராய்ச்சி நிலைத்தால் எத்தனை தோணிகள் தப்பும், யோசித்துப் பார். ஒருவருக்காக அதைக் கலைக்க முடியுமா? அவருக்காக எனக்கும் வருத்தம்தான்."

அவர் மனைவி எங்களுக்கு ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். டாக்டர் சாப்பிட்டார். ஒரு மனிதன் இப்படிச் சொல்லிவிட்டு வாழைப்பழம் சாப்பிடுவதைப் பார்ப்பதுதான் அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் தாங்க முடியாமல் இருந்தது. வருங்காலத்தில் தப்பப்போகும் தோணிகளுக்குப் பெயர் இல்லை, தெரு இல்லை. அவற்றின்மேல் இரக்கம் கொள்வது எவ்வளவு சுலபம். இல்லாத புயலை ஏட்டில் எழுதுகிறவனைப் பொய்யன் என்கிறோம். இருந்த புயலை வரைபடத்திலிருந்து அழிக்கிறவரை விஞ்ஞானி என்கிறோம். கோட்டைச்சாமி அண்ணன் மழையிலாவது பொய் எழுத மறுத்தார். டாக்டர் அந்த அளவுக்கும் இல்லை. அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் என்பதையும் மறைக்கவில்லை. அவராவது ஆராய்ச்சிக்காகப் பேசாமல் இருந்தார். நான் ஒரு கையெழுத்துக்காக.

சென்னை வந்ததும் விசாரணை அதிகாரிகளுக்கு எழுதினேன். பல்கீஸின் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டது, இரண்டு கருவிகளின் ஒப்பீடு, அந்த வியாழனன்று பாம்பனில் அஸர் எத்தனை மணிக்கு என்ற கணக்கு, பதிவேட்டின் இரண்டு வாரங்களும் பக்கத்துப் பக்கத்தில். கோட்டைச்சாமி அண்ணனின் பெயரை எழுதவில்லை. என் பெயரை எழுதினேன். அதற்கு முன்னால் டாக்டரிடமிருந்து விலகிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். பாம்பனிலிருந்து ராமேசுவரம் ஏழு மைல், கிளை ரயில் உண்டு. குதிரைவண்டி பிடித்தால் அக்காள்மடத்தில் நிறுத்திச் சுக்குக் காப்பி குடிக்கலாம். சத்திரத்தில் அறை நாளுக்கு ஒன்றரை ரூபாய், பாய் உண்டு, தலையணை கிடையாது. மாசி முதல் ஆவணி வரை எப்போதும் போகலாம். ஐப்பசி முதல் மார்கழி வரை போகிறவர்கள் துறைமுகக் கம்பத்தைப் பார்ப்பார்கள். கூண்டு ஏறியிருந்தால் நம்புங்கள். ஏறவில்லை என்றால் அதற்கு அர்த்தம் கடல் அமைதி என்பதல்ல. பாம்பனில் தோணிக்காரர் தெருவில் எந்த வீட்டிலாவது விசாரியுங்கள். முள் எங்கே நிற்கிறது என்று உள்ளேயிருந்து யாராவது சொல்வார்கள்.

என் கடிதத்துக்கு நான்கு வாரத்தில் பதில் வந்தது. பதிவேட்டின் அந்த மூன்று நாள் குறிப்புகள் செல்லாதவை என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆகவே அன்றைய வானிலை பற்றி அரசிடம் சான்று எதுவும் இல்லை. சான்று இல்லாத நிலையில் முந்தைய முடிவை மாற்ற இயலாது. செய்யது மீரானுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. கோட்டைச்சாமியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் கமுதிக்குத் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. இன்று கார்த்திகை மூன்று. நிலையம் பூட்டிக் கிடக்கிறது.